அப்பாவுக்கு 44, அண்ணனுக்கு 47: குடும்பத்தில் ஓடும் மாரடைப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்துக்காரன், வயது 38. சென்ற மாதம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கு வயது 47. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோகிராம் செய்ததில் இரண்டு குழாய்களில் அடைப்பு என்றார்கள். ஒன்றில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஆள் தேறிவிட்டார். வீட்டில்தான் யாருக்கும் நிம்மதி இல்லை.

அண்ணனுக்குப் புகை கிடையாது, மது கிடையாது, சர்க்கரையும் இல்லை. உரக்கடையில் மூட்டை ஏற்றி இறக்குகிற உடம்பு. ஆனால் அப்பா 44 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு 51 வயதில் பைபாஸ். தாத்தாவும் ஐம்பதைத் தாண்டவில்லை என்பார்கள். உறவில் சிலர் வம்ச சாபம் என்கிறார்கள். மருத்துவமனையில் "பரம்பரை" என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள்.

பரம்பரை என்றால் எது வருகிறது? அதை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது? எனக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள், எட்டு வயதில் மகள் இருக்கிறாள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாடித்துடிப்பு எழுதியது:

தம்பி, நான் பொதுமருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவன். நேரில் பார்க்காமல் நோயை முடிவுகட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று வயதுகளுமே போதும், உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய குடும்பம் இது. ஆண்களில் 55க்கு முன், பெண்களில் 65க்கு முன் இதயத் தமனி நோய் வந்தால் அதை இளவயது நோய் என்று கணக்கில் எடுப்போம். உங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையில் மூன்று பேர்.

சில விவரங்கள் வேண்டும். அண்ணனை மருத்துவமனையில் சேர்த்த அன்று எடுத்த கொலஸ்டிரால் எவ்வளவு? அதற்கு முன் எப்போதாவது, எந்த மாத்திரையும் சாப்பிடாத காலத்தில் எடுத்த அறிக்கை இருக்கிறதா? தைராய்டு பார்த்தார்களா? இன்னொன்று, அதற்குச் செலவே கிடையாது. அண்ணனை மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் கட்டி கட்டியாகத் தடித்திருக்கிறதா? விரல் முட்டிகளின் மேலும் தடவிப் பாருங்கள். கண் இமையில் மஞ்சள் திட்டு, கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

தேனிமலை எழுதியது:

எங்கள் பாட்டனார் தினம் நெய் ஊற்றிச் சாப்பிட்டு 91 வயது வாழ்ந்தார். கொலஸ்டிரால் என்ற பேரே அவருக்குத் தெரியாது. பாக்கெட் எண்ணெயும் வெள்ளைச் சர்க்கரையும் உட்கார்ந்த வேலையும் வந்த பிறகுதான் இத்தனை மாரடைப்பு. மரபணு என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, மாத்திரை விற்றால் போதும். தம்பி, முதலில் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள்.

ஆய்வகத்தார் எழுதியது:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்துவிட்டால் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்டிரால் தானாகவே இறங்கிவிடும், சில வாரங்கள் அப்படியே இருக்கும். போதாததற்கு மருத்துவமனையில் சேர்த்த உடனே கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே வீடு திரும்பும்போது எடுத்த அறிக்கையைப் பார்த்து "அளவாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்துவிடாதீர்கள். முதல் நாள் சீட்டைத் தேடி எடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நன்றி ஐயா. கோப்பைக் குடைந்து முதல் நாள் சீட்டை எடுத்துவிட்டேன். மொத்தக் கொலஸ்டிரால் 341. எல்டிஎல் 275. எச்டிஎல் 42. டிரைகிளிசரைடு 118. தைராய்டு சரியாக இருக்கிறது. அதே சீட்டில் எல்டிஎல்லுக்கு எதிரே "அதிகம்" என்று அச்சாகியிருக்கிறது. ஸ்டென்ட் வைக்கும் அவசரத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

குதிகாலைப் பிடித்துப் பார்த்தேன். என்னுடையதைவிட அண்ணனுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு, மேடு பள்ளமாக இருக்கிறது. செருப்பு உரசி வந்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "உங்கள் அப்பாவுக்குக் கை முட்டியிலும் இப்படிப் புடைப்பு உண்டு" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாளே நானும் ரத்தம் கொடுத்தேன். என் எல்டிஎல் 231. என் எடை 61 கிலோ. தினமும் சைக்கிள் மிதிக்கிறேன்.

நாடித்துடிப்பு எழுதியது:

அப்படியானால் நேராகவே பேசலாம். உங்கள் குடும்பத்தில் இருப்பது பெரும்பாலும் குடும்பவழி மிகைக் கொலஸ்டிரால் என்னும் மரபு நோய். நெதர்லாந்து மருத்துவர்கள் வகுத்த மதிப்பெண் முறை ஒன்றை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி எல்டிஎல் 250க்கும் 329க்கும் இடையில் இருந்தால் 5, கொலஸ்டிரால் படிந்து வரும் தசைநாண் தடிப்புக்கு 6, இளவயதில் வந்த இதயத் தமனி நோய்க்கு 2, நெருங்கிய ரத்த உறவில் அதே நோய் இருந்தால் 1. அண்ணனுக்குக் கூட்டினால் 14 வருகிறது. எட்டைத் தாண்டினாலே உறுதி என்று எழுதலாம். நீங்கள் கொடுத்த விவரத்தைக் கொண்டு நான் போட்ட கணக்கு இது. தசைநாணை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும்.

எது வருகிறது என்று கேட்டீர்கள். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களைக் கல்லீரல்தான் பிடித்து இழுத்துக் கரைக்கிறது. பிடிப்பதற்கு அதன் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. அவற்றைச் செய்யும் மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. ஒன்று பழுதானால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகிவிடும், துகள்கள் ரத்தத்திலேயே தேங்கும். பிறந்த நாள் முதலே தேங்கும் என்பதுதான் இதில் கொடுமை. மற்றவர்களுக்கு எழுபது வயதில் சேரும் படிவு இவர்களுக்கு நாற்பதிலேயே சேர்ந்துவிடுகிறது. சிலருக்குப் பழுது ஏற்பியில் இருக்காது. துகளின் மேலுள்ள அப்போ-பி புரதத்திலோ, ஏற்பியை அழிக்கும் பிசிஎஸ்கே9 புரதத்திலோ இருக்கும்.

இது அபூர்வ நோயும் இல்லை. ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. 1938இல் ஆஸ்லோ நகரத்து மருத்துவர் கார்ல் முல்லர், தசைநாண் புடைப்பும் மிகைக் கொலஸ்டிராலும் இளவயது இதயநோயும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து வருவதை எழுதினார். டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970களில் அந்த ஏற்பியைக் கண்டுபிடித்து, 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே காலத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை, நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினை எடுத்தார். மருந்து கடைக்கு வந்தது 1987இல். உங்கள் தாத்தாவுக்கு மருந்தே இருக்கவில்லை. உங்கள் அப்பா காலத்தில் இருந்தும் எட்டவில்லை. அண்ணனுக்கு இருந்தது, பரிசோதனை செய்யச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு ஆறவே மாட்டாத விஷயம் அதுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்கும் வாய்ப்பு சரிபாதி. ஆணா பெண்ணா என்ற பேதம் கிடையாது. அக்காவையும் உங்கள் மகளையும் அண்ணன் பிள்ளைகளையும் சோதியுங்கள். மரபணுப் பரிசோதனை வசதிப்பட்டால் செய்யலாம். வசதி இல்லையென்றால் சாதாரணக் கொலஸ்டிரால் பரிசோதனையே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். உங்கள் 231க்கு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தேனிமலை எழுதியது:

டாக்டர், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 38 வயதுக்காரனுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை என்பது சின்ன விஷயமா? என் மைத்துனர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக் காலெல்லாம் வலி என்று நிறுத்திவிட்டார். உணவைச் சீர்செய்தால் 231 இறங்காதா?

நாடித்துடிப்பு எழுதியது:

இறங்கும். நல்ல கட்டுப்பாட்டோடு இருந்தால் பத்து, பதினைந்து விழுக்காடு இறங்கும். 231 இருநூறாகும். இவருக்கு நூறுக்கும் கீழே போக வேண்டும். அண்ணனுக்கோ 55க்கும் கீழே. சமையலறையில் அந்தத் தூரம் நடக்க முடியாது.

மைத்துனரின் வலி மெய்தான், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2020இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது. மருந்தாலேயே தசைவலி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு, எசெட்டிமைப் என்ற வேறு வகை மாத்திரை என்று வழிகள் உண்டு. மைத்துனர் நிறுத்தியதை அவருடைய மருத்துவரிடம் சொன்னாரா என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

செவ்வந்தி எழுதியது:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு இதே நோய். அவருக்குத் தெரியவந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் சோதித்தோம். பெரியவனுக்கு எல்டிஎல் 92. சின்னவளுக்கு, ஒன்பது வயதில், 214. மாமியார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "பச்சைப் பிள்ளைக்கு இதய மாத்திரையா?" என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள்.

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. குழந்தை மருத்துவர் ஓர் ஆய்வைக் காட்டினார். நெதர்லாந்தில் இந்நோய் உள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 39 வயதுக்குள் இதயநோய் வந்தது அவர்களில் ஒரு விழுக்காட்டுக்கு. அதே வயதுக்குள் அவர்களுடைய பெற்றோரில், இதே நோய் இருந்தவர்களுக்கு, 26 விழுக்காடு. வளர்ச்சியிலோ பருவம் அடைவதிலோ குறை எதுவும் காணவில்லை. 2019இல் வந்த ஆய்வு. வாசித்தபோது பெற்றோர் பக்கத்து எண்ணில் என் கணவரும் பிள்ளைகள் பக்கத்து எண்ணில் என் மகளும் தெரிந்தார்கள்.

இப்போது அவளுக்கு 12 வயது. இரவில் ஒரு மாத்திரை. கபடிக் குழுவில் விளையாடுகிறாள். வகுப்புத் தோழிகளுக்குத் தெரியாது. மறைக்கச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை, அவளுக்கு அது ஒரு பேச்சாகவே தோன்றவில்லை.

ஸ்காபரோ செல்வன் எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் யாழ்ப்பாணம். எங்கள் குடும்பக் கதை சற்று வேறு. என் மாமாவுக்கு 45 வயதில் மாரடைப்பு வந்தபோது எல்டிஎல் 118தான். புகைத்தல் இல்லை, நீரிழிவு இல்லை. எவருக்கும் காரணம் பிடிபடவில்லை. பிறகு ஒரு நிபுணர் லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒன்றை அளக்கச் சொன்னார். 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்பார்கள், மாமாவுக்கு 140. என் அம்மாவுக்கும் எனக்கும் அதே போல உயர்ந்த அளவு.

எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான் இது. 1963இல் நோர்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டுபிடித்தார். அளவைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே ஒரு மரபணு. என்ன சாப்பிட்டாலும் எவ்வளவு ஓடினாலும் பெரிதாக மாறாது. அதனால் ஆயுளில் ஒருமுறை அளந்தாலே பெரும்பாலும் போதும். இங்கே எல்லாப் பெரியவர்களுக்கும் ஒருமுறை அளக்கும்படி 2021 முதல் கனடிய இதயநோய் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. இதற்கென்றே உருவாக்கிய ஊசி மருந்துகள் பரிசோதனை நிலையில் இருக்கின்றன. அவை வரும்வரை எல்டிஎல்லையும் ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடிப்பதுதான் வழி என்றார் நிபுணர். உலகில் ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது. தெற்காசியர்களிடம் இன்னும் கூடுதல். காவிரிக்கரை, உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆய்வகத்தார் எழுதியது:

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. லிப்போபுரோட்டீன் ஏ வேறு, அப்போலிப்போபுரோட்டீன் ஏ1 வேறு. பெயர் ஒத்திருப்பதால் சீட்டில் ஒன்று எழுதி வர, கவுண்டரில் இன்னொன்றைப் பதிவுசெய்து அனுப்பிவிடுகிறார்கள். பில்லில் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அலகையும் பாருங்கள். சில கூடங்கள் மில்லிகிராமில் கொடுக்கும், சில நானோமோலில் கொடுக்கும். 50 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 125 நானோமோல். 110 என்று மட்டும் பார்த்து நெஞ்சு பதற வேண்டாம், அலகு நானோமோல் என்றால் அது எல்லைக்குள்தான்.

புதுவரவு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் இதயநோய் வருமா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லும் பெட்டி விற்கிறார்களே, அதை வாங்கலாமா? இந்தியர்களில் 4 விழுக்காட்டினருக்கு இதயநோய் மரபணு இருக்கிறது என்றும் எங்கோ படித்தேன்.

நெய்தல் எழுதியது:

மரபியலில் ஆய்வு மாணவி நான். இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

4 விழுக்காடு என்பது உண்மைதான், ஆனால் அது அடைப்புநோய் பற்றியது இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்திலும் இருந்த ஆய்வாளர்கள் மற்ற நாட்டவருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் அது. தசையைப் பலவீனமாக்கும், ரத்தக்குழாயை அடைக்காது. இதயம் என்ற ஒரே பெயரில் பல நோய்கள் இருப்பதால் செய்தித்தாள்களில் இவை ஒன்றாகிவிடுகின்றன.

அடைப்புநோய் மரபில் இரண்டு பாதைகளில் இறங்குகிறது. காவிரிக்கரை வீட்டில் இருப்பது போல ஒரே மரபணுவில் பெரிய பழுது, அது ஒரு பாதை. இன்னொன்று சிறு துளி பெருவெள்ளம். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மிகச் சிறிய மாற்றங்கள், ஒவ்வொன்றும் தனியாக அற்பம், சேர்ந்தால் கனம். இவற்றில் முதலில் அகப்பட்டது ஒன்பதாம் குரோமோசோமின் 9பி21 என்ற இடம். 2007இல் கனடாவிலும் ஐஸ்லாந்திலும் தனித்தனிக் குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டன. அங்கே ஆபத்தான வடிவம் ஒரு பிரதி இருந்தால் சுமார் 25 விழுக்காடு கூடுதல் ஆபத்து. வியப்பு என்னவென்றால் அதற்கும் கொலஸ்டிராலுக்கும் தொடர்பில்லை, ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. ரத்தக்குழாய்ச் சுவரிலேயே வேலை செய்வதாகத் தெரிகிறது. குடும்பத்தில் மாரடைப்பு ஓடியும் எல்லா அறிக்கையும் சுத்தமாக இருக்கும் வீடுகளின் கதை ஓரளவு இங்கே இருக்கலாம்.

எச்சில் பெட்டி கொடுக்கும் மதிப்பெண் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதையைத்தான் கூட்டிச் சொல்கிறது. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவில் போடப்பட்டவை. நம்மவர்களுக்கு அதே துல்லியத்தில் பொருந்துவதில்லை. முதல் பாதையின் பெரும் பழுதுகளை அவற்றில் பல முழுமையாகத் தேடுவதே இல்லை. எல்டிஎல் 231 உள்ள ஒருவருக்கு "சராசரி ஆபத்து" என்று அறிக்கை வந்தால் எவ்வளவு பெரிய தீங்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் கொலஸ்டிராலும் லிப்போபுரோட்டீன் ஏயும் பார்க்கலாம்.

தேனிமலை ஐயாவுக்கு: உங்கள் சமையலறை வாதத்தில் உண்மை இருக்கிறது. 2016இல் 55,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மரபாபத்து மிகுந்த பிரிவினரிலும் புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியோடு, நல்ல உணவோடு இருந்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தது. மரபு மட்டுமே எல்லாம் என்றால் அப்படி நடக்காது. மறுபக்கம், ஸ்வீடனில் 21,000 இரட்டையர்களைப் பின்தொடர்ந்த 1994 ஆய்வு இருக்கிறது. இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதயத் தமனி நோயால் இறந்தால், ஒரே கருவிலிருந்து பிரிந்த மற்ற சகோதரருக்கு அதே நோயால் இறக்கும் ஆபத்து எட்டு மடங்கு. தனித்தனிக் கருவில் வந்த சகோதரருக்கு நான்கு மடங்கை ஒட்டி. வீட்டுச் சமையல் இருவருக்கும் ஒன்றுதான்.

பிசிஎஸ்கே9 பற்றி மருத்துவர் ஐயா ஒரு வரியில் கடந்துவிட்டார், எனக்கு மனம் வரவில்லை. 2003இல் பாரிஸ் குழு அதில் ஒரு பழுதால் கொலஸ்டிரால் ஏறுவதைக் கண்டது. 2006இல் டல்லாஸ் குழு நேர்மாறானதைக் கண்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் சுமார் 2.6 விழுக்காட்டினருக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடு குறைவு, இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு. பிறவியிலிருந்தே குறைந்திருந்தால் என்ன பலன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதிலிருந்து பிறந்த ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்துவிட்டன. விலைதான் இன்னும் நம்மில் பலருக்கு எட்டவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தேன், எனக்கு ரோசுவாஸ்டாட்டின் தொடங்கியிருக்கிறார்.

இப்போது வேறு ஒரு சிக்கல். அக்கா மகளுக்கு 20 வயது, அண்ணன் மகனுக்கு 21. இருவரும் முறைப்படி கட்டிக்கொள்ள வேண்டியவர்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் விருப்பம்தான். நேற்று நான் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்று வாயெடுத்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "என் பெண்ணுக்கு நோய் என்று ஊரில் பேச்சு வந்தால் இந்தச் சம்பந்தமும் போகும், வேறு எவனும் வரமாட்டான்" என்கிறாள். அம்மா அவள் பக்கம். அண்ணன் வாயே திறக்கவில்லை. பரிசோதனை அவ்வளவு அவசியமா ஐயா?

நாடித்துடிப்பு எழுதியது:

அவசியம். உங்கள் வீட்டுக்கு மற்ற வீடுகளைவிடக் கூடுதல் அவசியம்.

ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அதைச் சமாளிக்கலாம், செவ்வந்தி அவர்கள் மகள் கபடி ஆடுகிறாள். இருவருக்குமே இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதுப் பிரதிகளும் சேர்ந்து இறங்கும். அது வேறு நோய் என்றே சொல்லலாம். எல்டிஎல் 400, 500 என்று இருக்கும். பள்ளி போகும் வயதிலேயே முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள், இருபது வயதுக்குள் மாரடைப்பு. ஸ்டாட்டின் வேலை செய்வதே ஏற்பிகளைக் கூட்டித்தான். ஏற்பியே இல்லாத பிள்ளைக்கு அது அதிகம் உதவாது. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்து உள்ளே விட வேண்டியிருக்கும். பணிக்காலத்தில் அப்படி ஒரு சிறுவனைப் பார்த்தேன். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். இருவருக்கும் தங்கள் எல்டிஎல் எவ்வளவு என்று அதுவரை தெரியாது.

எங்கோ இருக்கும் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் இருவருக்குமே இது இருக்கும் வாய்ப்பு மிகச் சொற்பம். உங்கள் பிள்ளைகளுக்கோ தாத்தா ஒருவரே. அக்காவுக்கும் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பெண்ணை ஒதுக்கவோ கல்யாணத்தை நிறுத்தவோ நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்கிறேன். இருவரில் ஒருவருக்கு இல்லை என்றாலும் இந்தப் பயம் முழுவதும் போய்விடும்.

செவ்வந்தி எழுதியது:

தம்பி, அக்காவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆணுக்கு நோய் என்றால் "மாத்திரை சாப்பிடுகிறான்" என்பார்கள், பெண்ணுக்கு என்றால் "குறை" என்பார்கள். என் மகளுக்கு 12 வயதுதான், இப்போதே ஒருவர் கேட்டுவிட்டார். ஆனால் அக்காவின் வயதை யோசியுங்கள். மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்குப் பிறகு பெண்களுக்கும் ஆபத்து ஏறிவிடும். பெண்ணின் கல்யாணத்தை விடுங்கள், அக்காவை அவளுக்காகவே சோதிக்கச் சொல்லுங்கள். தன் உடம்பு என்றால் நம் பெண்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள், நீங்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

தேனிமலை எழுதியது:

தம்பி, மாத்திரை விஷயத்தில் என் கருத்து எனக்கு. இதில் ஒரு யோசனை சொல்கிறேன். பெண்ணை மட்டும் அழைத்துப் போனால்தான் பேச்சு வரும். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் ஒரே நாளில் சர்க்கரை பார்ப்போம். ஆளை வீட்டுக்கே வரவழைத்து, அம்மா முதற்கொண்டு அத்தனை பேரும் கை நீட்டுங்கள். அண்ணனுக்கு வந்ததால் டாக்டர் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார் என்று சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. முதலில் உங்கள் அம்மா கையை நீட்டட்டும். பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டால் சின்னவர்கள் மறுக்க மாட்டார்கள். அறிக்கை அவரவர் கையில் போகட்டும்.

ஆய்வகத்தார் எழுதியது:

நல்ல யோசனை. எல்டிஎல் மட்டும் பார்க்க வெறும் வயிறு கட்டாயம் இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட வரச் சொல்லலாம். குழந்தைக்கு மெல்லிய ஊசி கொண்டுவரும்படி முன்பே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

தேனிமலை ஐயா சொன்னபடியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் ரத்தம் கொடுத்தோம். அம்மாதான் முதல். அறிக்கை வந்துவிட்டது.

அம்மா 112. அக்காவுக்கு 50 வயது, எல்டிஎல் 219. அண்ணன் மகன் 208. அண்ணன் மகள் 99. அக்கா மகள் 104. என் மகள் 88.

அக்கா தன்னுடைய எண்ணைப் பார்க்கவே இல்லை, மகளுடைய எண்ணை மட்டும் மூன்று பேரிடம் காட்டிக் கேட்டாள். அண்ணன் மகன் ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். "சித்தப்பா, மருந்து சாப்பிட்டால் எனக்கு அப்பா மாதிரி ஆகாது இல்லையா?" என்று கேட்டான். தாத்தாவுக்கு இல்லாதது உனக்கு இருக்கிறது என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா ஐயா? கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ முடிவு எல்லோருக்கும் இன்னும் வரவில்லை.

நாடித்துடிப்பு எழுதியது:

சரியாகத்தான் சொன்னீர்கள். 21 வயதில் தொடங்குகிறவனுக்கும் 47இல் அடைப்பு வந்த பிறகு தொடங்குகிறவருக்கும் நடுவே கால் நூற்றாண்டுப் படிவு இருக்கிறது. அவனுக்கு அது சேராமலே தடுக்கலாம். புகைக்கிறானா என்று தனியாகக் கேளுங்கள், அப்பா முன்னால் கேட்காதீர்கள். இந்த நோயோடு சிகரெட்டும் சேர்ந்தால் மருந்து பாதி வீண்.

கல்யாணத்தைப் பொறுத்தவரை, பெண்ணுக்கு 104 என்பது அவளுக்கு இந்தப் பழுது இறங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. இருபது வயதில் இந்நோய் இருந்து எல்டிஎல் இவ்வளவு குறைவாக இருப்பது மிக அபூர்வம். இரண்டு பிரதிகள் சேரும் பயம் இல்லை. பையனிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு, அவன் யாரைக் கட்டினாலும் அது அப்படித்தான். நெருங்கிய உறவுத் திருமணத்தில் வேறு மரபு நோய்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதை மட்டும் இரு பிள்ளைகளிடமும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். முடிவு அவர்களுடையது.

அக்காவை இந்த வாரமே கூட்டிப்போங்கள். 219உடன் ஐம்பது வருடம் இருந்திருக்கிறாள். மாத்திரையோடு ஈசிஜியும் எக்கோவும், முடிந்தால் டிரெட்மில் பரிசோதனையும் எழுதச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, தாடையில் வலி வருகிறதா என்றும் கேளுங்கள், பெண்களுக்கு எப்போதும் நெஞ்சுவலியாகவே வராது. அட்டோர்வாஸ்டாட்டின் அரசு மருத்துவமனையில் கிடைக்கும், மக்கள் மருந்தகத்திலும் மலிவு. எல்லோரும் இரண்டு மாதம் கழித்து எல்டிஎல்லை மறுபடி பார்க்க வேண்டும். மகளுக்கு 88 என்றால் அவளை விட்டுவிடலாம்.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது. சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

காவிரிக்கரை எழுதியது:

மூன்று பேர் ஐயா. கடைசி மகனுக்கு 26 வயது. சித்தப்பாவுக்கும் எங்களுக்கும் ஒரு நிலத்தகராறில் பேச்சு இல்லை. அண்ணனின் சீட்டையும் இந்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கைகளையும் படம் எடுத்து இன்றிரவே அவருடைய மூத்த மகளுக்கு அனுப்புகிறேன். அவள் எண் என்னிடம் இருக்கிறது.